மத்தியதரைக் கடற்கரைக்கு ஏற்ற பருவம் எது?

'சீசன்' என்னும் ஆங்கிலச் சொல்லை நம் மக்கள் தமிழ்ச் சொல்லாகவே ஆக்கிக்கொண்டு விட்டனர். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது என்கிறோம்; உதகையில் சீசன் முடிந்துவிட்டது என்கிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எம் போன்றோர்க்கு இச்சொல் சிறிது தொல்லை தருவது. குற்றாலச் சீசன் என்னும்போது, தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தழுவிச் சாரல் தூவ, அருவிகளில் நீர் பெருகும் காலத்தைக் குறிக்கிறோம். அது இயற்கை வகுத்த பருவம். உதகைச் சீசன் என்னும்போதோ, சமவெளியின் சித்திரை வெயிலுக்கு அஞ்சி மக்கள் திரள் திரளாக மலையேறும் காலத்தைக் குறிக்கிறோம். அது மனிதர் வகுத்த பருவம். ஒரே சொல் இரு பொருளைச் சுமக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கினால் மொழிபெயர்ப்பில் பிழை நேர்வது ஒருபுறம் இருக்க, பிரயாணத்திலும் பெரும்பிழை நேரும் என்பதை நாங்கள் பொருட்செலவு செய்து கற்றுக்கொண்டோம்.

அதனைக் கற்ற இடம் மத்தியதரைக் கடற்கரை. இன்று நம் நாட்டினின்றும் அக்கரைகளுக்கு விடுமுறை கழிக்கச் செல்வோர் பலர். வாழ்நாளில் ஒருமுறையேனும் கிரேக்க நாட்டின் தீவுகளையும் இத்தாலியின் கடலோர ஊர்களையும் கண்டுவர வேண்டும் என்று சிறுகச் சிறுகச் சேமித்து வைக்கும் நடுத்தரக் குடும்பத்தினரும் அவர்களுள் உளர். இத்தகையோர் பயணச்சீட்டின் விலையை நுணுகி ஆராய்வர். தங்கும் விடுதியைப் பற்றிப் பத்துப் பேரிடம் கேட்பர். ஆனால் எந்த மாதத்தில் செல்வது என்பதை மட்டும் ஆராயாது, அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்கும் மாதமே நல்ல மாதம் என்று முடிவு செய்துவிடுவர். நாங்களும் அவ்வாறே செய்தோம்.

2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் அது. மகளுக்குப் பள்ளிப்படிப்பு முடிந்து கல்லூரி தொடங்காத இடைவேளை. எழுபதை நெருங்கிய எம் அன்னையாருக்கு, இளமையில் வரலாற்று நூலில் படமாகக் கண்ட ஏதென்ஸ் நகரத்துக் கோயிலை நேரில் காணவேண்டும் என்ற ஆவல் நெடுநாளாக இருந்தது. ஐரோப்பாவில் அதுவே சீசன் என்று யாவரும் கூறினர். தில்லியின் கோடையைத் தாங்கியவர்களுக்கு ஐரோப்பாவின் கோடை எம்மாத்திரம் என்று நாங்களும் எண்ணினோம். சென்று இறங்கிய வாரத்தில் அந்நாட்டைக் கொடிய வெப்ப அலை பற்றியிருந்தது. வெப்பம் 40 பாகை செல்சியஸை எட்டிற்று. காலையில் மெல்லப் புறப்பட்டு அக்ரோபொலிஸ் குன்றின் அடிவாரத்தை நாங்கள் அடைந்தபோது, வெயிலின் கொடுமை கருதி நண்பகல் முதல் மாலை வரை குன்றின் வாயில் மூடப்பட்டிருந்தது. மறுநாள் விடியலில் மீண்டும் முயன்றோம். பல நூற்றாண்டுகளாக மனிதர் கால் பட்டு வழுவழுப்பேறிய பாறை, நிழலுக்கு ஒதுங்க மரமில்லை, வரிசையோ நீண்டது. பாதி வழியில் அன்னையாருக்குத் தலைசுற்றல் கண்டது. இறங்கி வந்துவிட்டோம். எஞ்சிய நாட்களை அவர் விடுதி அறையிலேயே கழித்தார். "ஒரு கோடையிலிருந்து தப்பி இன்னொரு கோடைக்கு வந்தோமே" என்று அவர் சொன்னது எங்களைக் குறை கூறுவதற்காக அன்று. ஆயினும் அது உண்மை. வாயிலை மூடியோர் செய்தது சரியே. பிழை, மாதத்தைத் தேர்ந்த எங்களுடையது.

அப்பிழை பிறர்க்கு நேராதிருக்க வேண்டும் என்ற எண்ணமே இவ்வுரைக்குக் காரணம்.

மத்தியதரைக் கடல், மேற்கே ஜிப்ரால்டர் ஜலசந்தி முதல் கிழக்கே லெபனான், சிரியா ஆகிய நாடுகளின் கரை வரை ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் உள்நாட்டுக் கடல். ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்று கண்டங்களும் அதனைச் சூழ்ந்துள்ளன. பெருங்கடலோடு அதற்குள்ள இயற்கையான தொடர்பு, ஒடுங்கிய இடத்தில் சுமார் 14 கிலோமீட்டர் அகலமே உள்ள அந்த ஜலசந்தி ஒன்றே. இத்தகைய கடலின் கரையோரம் நிலவும் தட்பவெப்பத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. நம் நாட்டின் பெரும்பகுதியில் மழை கோடையை ஒட்டி வருகிறது, குளிர்காலம் வறண்டிருக்கிறது. அங்கோ கோடை முற்றும் வறண்டது. மழை குளிர்காலத்தில் வருவது. ஏதென்ஸ் நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 400 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதோ ஏறத்தாழ 1,400. அச்சிறிய அளவிலும் ஜூலை மாதத்தின் பங்கு 10 மில்லிமீட்டருக்கும் குறைவு.

இதற்குக் காரணம் யாது? கோடையில் அட்லாண்டிக் கடலின் அசோர்ஸ் தீவுகளை ஒட்டி நிற்கும் உயர் அழுத்த மண்டலம் கிழக்கு நோக்கி விரிந்து இக்கடலின் மேல் கவிகிறது. உயரத்தினின்றும் கீழிறங்கும் காற்று வெப்பமடைந்து, மேகம் உருவாவதைத் தடுத்துவிடுகிறது. குளிர்காலத்தில் அம்மண்டலம் விலகவே, மேற்கினின்றும் தாழ்வழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மழை தருகின்றன.

இங்கு நம் நாட்டிற்கும் அக்கடலுக்கும் உள்ள உறவு ஒன்றைக் கூறுதல் வேண்டும். தில்லியிலும் பஞ்சாபிலும் தை மாதத்துக் குளிரில் திடீரெனத் தூறல் விழுவதை வடநாட்டில் வாழும் நேயர்கள் நன்கு அறிவர். கோதுமைக்கு உயிரூட்டும் அம்மழையைக் கொணர்பவை, மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் காற்றுச் சுழற்சிகளே. மேற்கத்திய இடையூறுகள் என்று வானிலைத் துறையினர் அவற்றைக் குறிப்பர். இந்த உறவு ஒருவழிப் பாதையும் அன்று. நம் தென்மேற்குப் பருவமழையின்போது ஆசியாவின் மேல் பேரளவில் காற்று மேலெழுகிறது; அதன் விளைவாகக் கிழக்கு மத்தியதரைப் பகுதியில் காற்று கீழிறங்கி, அங்குள்ள கோடை வறட்சியை மிகுவிக்கிறது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்களான ராட்வெல், ஹாஸ்கின்ஸ் ஆகிய இருவரும் 1996ஆம் ஆண்டு இதனை விளக்கினர். நம் நாட்டில் ஆடி மாதத்து மேகங்கள் திரளும்போது, ஏதென்ஸில் வானம் வெளுத்து வெயில் காய்வது முற்றிலும் தற்செயல் அன்று.

இனி, கடற்கரைக்குச் செல்வோர் அனைவரும் அறியவேண்டிய முதல் உண்மைக்கு வருவோம். நிலத்தின் பருவமும் கடலின் பருவமும் ஒரே நாளில் மாறுவதில்லை. மண் விரைவில் சூடேறி விரைவில் ஆறும். நீர் மெல்லச் சூடேறி மெல்ல ஆறும். அடுப்பை அணைத்த பின்னும் வெந்நீர்த் தவலை நெடுநேரம் சூடாக இருப்பதைப் போல, கோடை கழிந்த பின்னும் கடல் தன் வெப்பத்தைக் காத்து வைத்திருக்கிறது. பிரான்சு நாட்டின் தென்கரையிலுள்ள நீஸ் நகரத்தை எடுத்துக்கொள்வோம். அங்குக் கடல் நீரின் வெப்பம் பிப்ரவரியில் சுமார் 13 பாகை; மே மாதத்தில் சுமார் 17; ஆகஸ்டில் 24 அல்லது 25. அக்டோபரிலோ, காற்று மே மாதத்தைப் போலவே இதமாக இருப்பினும், நீர் இன்னும் 20 பாகைக்குக் குறையாது. தெற்கே கிரீட் தீவில் அக்டோபர் மாதத்துக் கடல் ஏறத்தாழ 23 பாகை. காற்றின் வெப்பத்தை மட்டும் பட்டியலில் பார்த்து, மேயும் அக்டோபரும் ஒன்றே என்று முடிவு செய்வோர், மே மாதத்தில் நீரில் கால் வைத்தவுடன் துணுக்குற்றுக் கரையேறுவர். சென்னைக் கடலிலும் கன்னியாகுமரிக் கடலிலும் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான நீரையே கண்டு பழகிய நமக்கு இது புதுமை. ஆதலின், கடலில் நீராடுவதே நோக்கமாயின் ஆண்டின் பிற்பகுதியை நாடுக. கரையில் நடந்து ஊர்களைக் காண்பதே நோக்கமாயின் முற்பகுதியும் ஏற்றதே.

இரண்டாவது உண்மை காற்றைப் பற்றியது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஈஜியன் கடலிலும் ஓர் ஆடிக்காற்று உண்டு. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வடக்கினின்றும் நாட்கணக்கில் இடைவிடாது வீசும் அதனை இன்றைய கிரேக்கர் மெல்டெமி என்பர். பண்டையோர் எடீசியன் என்றனர். ஆண்டுதோறும் வருவது என்பது அச்சொல்லின் பொருள். நாம் பருவக்காற்றுக்கு வழங்கும் மான்சூன் என்னும் சொல்லும் பருவத்தைக் குறிக்கும் மவ்சிம் என்ற அரபுச் சொல்லினின்றும் பிறந்ததே. இரு கடல்களின் மாலுமிகளும் காற்றுக்குக் காலத்தையே பெயராக இட்டனர் என்பது நினைந்து மகிழத்தக்கது. பெயரில் மட்டுமன்றிப் பிறப்பிலும் இவை உறவுடையன. கோடையில் நம் நாட்டினின்றும் மேற்கே சின்ன ஆசியா வரை நீளும் தாழ்வழுத்தமே அவ்வடகாற்றை இழுக்கும் விசைகளுள் ஒன்று.

பண்டைக்காலத்தில் மிளகு நாடி நம் மேலைக்கரைக்கு வந்த யவனர், அலெக்சாந்திரியா வரையிலும், பின்னர் நைல் நதியில் எதிரேறிச் செல்வதற்கும் இவ்வடகாற்றையே நம்பினர். செங்கடலிலிருந்து அப்பால் நம் தென்மேற்குக் காற்றை நம்பினர். அன்று வணிகர்க்குத் துணை நின்ற அக்காற்று இன்று உல்லாசப் பிரயாணிக்குச் சிலபோது இடையூறாகிறது. காற்று வலுத்தால் தீவுகளுக்குச் செல்லும் படகுகளைத் துறைமுகத்தார் புறப்பட விடுவதில்லை. ஐந்து நாட்களில் மூன்று தீவுகள் என்று திட்டமிட்டவர் ஒரே தீவில் இரண்டு நாட்கள் காத்துக் கிடப்பர். மேற்கே ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியாகப் பாய்ந்துவரும் மிஸ்திரால் என்னும் குளிர்காற்றும், சகாராப் பாலையினின்றும் புழுதியோடு வரும் சிராக்கோ என்னும் வெங்காற்றும் இவ்வாறே தத்தம் இடங்களில் பெயர் பெற்றவை.

பண்டை உரோமானியர் இக்கடலின் இயல்பை நன்கு அறிந்திருந்தனர். போர்க்கலை நூல் எழுதிய வெஜீஷியஸ் என்பவர், மே 27 முதல் செப்டம்பர் 14 வரை கடற்பயணம் அச்சமற்றது என்றும், நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடப்பட்டது என்றும் வரையறுத்தார். இன்றைய கப்பல்களுக்கு இவ்வரையறை இல்லை; ஆயினும் கிரேக்கத் தீவுகளில் நவம்பர் பிறந்ததும் விடுதிகள் பல அடைபடுவதையும், படகுகள் குறைவதையும், ஈஸ்டர் பெருநாளை ஒட்டியே அவை மீண்டும் திறக்கப்படுவதையும் காணும்போது, பழைய நாட்காட்டி முற்றும் மறைந்துவிடவில்லை என்று தோன்றுகிறது.

அங்ஙனமாயின் ஜூலையும் ஆகஸ்டுமே சீசன் என்று உலகம் கொண்டது எவ்வாறு? இவ்வழக்கம் நூறாண்டு வயதே உடையது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். மத்தியதரைக் கரையில் விடுமுறை கழிக்கும் பழக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயர் குளிர்காலத்திலேயே அங்குச் சென்றனர். எழுத்தாளர் ஸ்மாலெட் உடல்நலம் நாடி 1763ஆம் ஆண்டு நீஸ் நகரை அடைந்தார். 1766இல் அவருடைய பயண நூல் வெளியாயிற்று. 1834இல் இத்தாலி செல்லப் புறப்பட்ட புரூம் பிரபு, காலரா நோய்த் தடையினால் வழியில் மறிக்கப்பட்டுக் கான் என்னும் மீனவர் ஊரில் தங்கினார். அவ்வூரின் அழகில் ஈடுபட்டு அங்கேயே மாளிகை கட்டினார். 1864இல் நீஸ் நகரத்திற்கு இருப்புப்பாதை வந்தது. விக்டோரியா மகாராணியார் 1895 முதல் 1899 வரை ஆண்டுதோறும் அந்நகரின் சிமியே பகுதியில் தங்கினார்; அவருடைய இந்தியப் பணியாளர் அப்துல் கரீமும் அங்குச் சென்றதுண்டு. இவர்கள் அனைவரும் பனிக்காலத்திலோ அதன் இறுதியிலோ வந்து, வெயில் ஏறுமுன் ஊர் திரும்பினர். கோடையில் பெரிய விடுதிகள் கதவடைத்துக் கிடந்தன. நீஸ் நகரம் 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றதும் குளிர்கால உறைவிடம் என்னும் சிறப்பினாலேயே.

மாறுதல் 1923இல் தொடங்கிற்று. ஜெரால்டு மர்ஃபி, சாரா மர்ஃபி என்னும் அமெரிக்கத் தம்பதியர், ஆந்தீப் ஊரின் விடுதி ஒன்றைக் கோடையிலும் திறந்து வைக்குமாறு இசைவித்தனர். அவர்களைச் சூழ்ந்து எழுத்தாளரும் ஓவியரும் கூடினர். வெயிலில் உடலைக் கருக்கிக்கொள்வது நாகரிகமாயிற்று. 1936இல் பிரெஞ்சுத் தொழிலாளர்க்கு ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுமுறை சட்டமாயிற்று. பள்ளிகளும் ஆலைகளும் மூடப்படும் கோடையில் இலட்சக்கணக்கான குடும்பங்கள் முதன்முறையாகக் கடலைக் கண்டன. அது பெரிதும் வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால் ஒன்றை நாம் உய்த்துணர வேண்டும்: ஆகஸ்டு மாதம் சீசனாக அமைந்தது வடபுல மக்களின் விடுமுறையினாலும் அவர்களது சூரிய வேட்கையினாலும் அன்றிக் கடற்கரை அப்போது தன் சிறப்பின் உச்சியில் இருப்பதனால் அன்று. ஆண்டில் பாதி நாள் கதிரவனைக் காணாத நாட்டார்க்கு வெயில் பரிசு. நமக்கு வெயில் பரிசு அன்று. அது நம் வீட்டிலேயே உள்ளது.

இனிப் பருவங்களைத் தனித்தனியே சுருங்கக் காண்போம்.

குளிர்காலம், அதாவது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஏதென்ஸில் பகல் வெப்பம் சுமார் 13 அல்லது 14 பாகை. பகற்பொழுது குறுகியது, மாலை 5 மணியளவில் இருள் சூழ்ந்துவிடும். கடலில் இறங்க இயலாது. எனினும் இப்பருவத்தை இகழ்தல் கூடாது. கிரேக்கத்தில் ஜனவரியை ஒட்டிச் சில நாட்கள் காற்றடங்கி வெயில் பளிச்சிடும். மீன்கொத்திப் பறவை கடலோரம் அடைகாக்கும் நாட்கள் என்று பண்டைக் கதை அவற்றைப் போற்றுகிறது. மயோர்க்காத் தீவில் பிப்ரவரியை ஒட்டி வாதுமை மரங்கள் வெண்பூச் சொரியும். பிரான்சின் மாந்தோன் நகரில் எலுமிச்சைத் திருவிழா நடைபெறும். அருங்காட்சியகங்களையும் பழம்பொருள்களையும் கூட்டமின்றிக் காண விழைவோர்க்கும், கைப்பொருள் குறைந்தோர்க்கும் இது நல்ல காலம்.

இளவேனில், அதாவது ஏப்ரல் முதல் ஜூன் முற்பாதி வரை. முதியோர் உடன் வரும் குடும்பத்திற்கு இதனினும் ஏற்ற காலம் வேறில்லை. குளிர்கால மழையில் நனைந்த குன்றுகள் பசுமை மாறாது நிற்கும். கிரீட் தீவின் மலைச்சாரல்களில் எண்ணற்ற காட்டுப்பூக்களைக் காணலாம். அங்குள்ள புகழ்பெற்ற சமாரியா மலைப்பிளவு மே மாதத் தொடக்கத்தில் நடைபயணிகளுக்குத் திறக்கப்படும். பகல் நீண்டது, வெயில் மென்மையானது, கடல் மட்டும் இன்னும் குளிர்ந்திருக்கும்.

முதுவேனில், அதாவது ஜூன் பிற்பாதி முதல் ஆகஸ்டு இறுதி வரை. நீராடுதலும் இரவு நெடுநேரம் வரை கடலோரம் உலாவுதலும் விரும்பும் இளைஞர்க்கு இதில் இன்பம் உண்டு. மறைப்பதற்கில்லை. ஆனால் விலை ஏறும்; கூட்டம் நெருக்கும். ஆகஸ்டு 15 நமக்குச் சுதந்திரத் திருநாள். இத்தாலியர்க்கும் அது பெருவிடுமுறை நாள். அதனை ஒட்டி நகரங்களில் பல கடைகள் மூடப்பட்டுக் கடற்கரைகள் நிரம்பி வழியும். வெப்பமோ ஆண்டுக்கு ஆண்டு கடுமையாகி வருகிறது. சிசிலித் தீவின் சிராக்யூஸ் அருகே 2021 ஆகஸ்டு 11 அன்று 48.8 பாகை பதிவாயிற்று. ஐரோப்பாவில் உறுதி செய்யப்பட்ட அளவுகளில் அதுவே மிக உயர்ந்தது என 2024இல் உலக வானிலை அமைப்பு ஏற்றது. வறண்ட புதரும் வலுத்த காற்றும் கூடும்போது காட்டுத்தீ பரவுகிறது. 2023 ஜூலையில் ரோட்ஸ் தீவில் ஏறத்தாழ 19,000 பேர் அப்புறப்படுத்தப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் விடுமுறைக்கு வந்தவர்கள்.

இலையுதிர்காலம், அதாவது செப்டம்பர் முதல் அக்டோபர் இறுதி வரை. செப்டம்பரில் வடகாற்று தணிகிறது; ஐரோப்பியப் பள்ளிகள் திறக்கக் கூட்டம் கலைகிறது; கடலோ தவலை நீர்போல் வெதுவெதுப்பாக உள்ளது. திராட்சை அறுவடையாகும், அத்திப்பழம் கனியும், அக்டோபரில் ஒலிவக் காய்களைப் பறிக்கத் தொடங்குவர். எம் கருத்தில் செப்டம்பர் நடு முதல் அக்டோபர் நடு வரையுள்ள ஒரு மாதமே, கடலையும் கரையையும் ஒருங்கே துய்க்க விழையும் இந்தியர்க்கு மிகச் சிறந்தது.

ஆயினும் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இக்கடலின் மேற்குப் பாதியும் கிழக்குப் பாதியும் இப்பருவத்தில் ஒன்று போல் இரா. நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழை மாதங்கள் அல்லவா? நீஸ் நகரத்திற்கும் அவையே. ஜூலையில் 20 மில்லிமீட்டரும் பெய்யாத அவ்வூரில் அக்டோபரில் 100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. வெப்பம் தேங்கிய கடலின் மேல் வடக்கினின்றும் குளிர்காற்று வந்து கவியும்போது, சில மணி நேரத்தில் பெருமழை கொட்டிவிடும். 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயின் நாட்டின் வலென்சியாப் பகுதியில் இத்தகைய மழையால் எழுந்த வெள்ளம் 200க்கு மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது. கிழக்கிலும் இது நேரலாம். 2023 செப்டம்பரில் டேனியல் என்னும் புயல் கிரேக்கத்தின் தெஸ்ஸலிச் சமவெளியை மூழ்கடித்துப் பின்னர் லிபியாவின் டெர்னா நகரில் அணைகளை உடைத்துப் பேரழிவு விளைத்தது. இவை அரியன எனினும், பயணம் தொடங்கிய பின்னர் நாள்தோறும் வானிலை எச்சரிக்கையைக் கேட்டு நடத்தல் அறிவுடைமை. பொதுவாகக் கூறின், செப்டம்பரில் எக்கரையும் நன்று. அக்டோபரில் கிரீட், ரோட்ஸ், சைப்ரஸ் போன்ற தென்கிழக்குக் கரைகளே நன்று.

நம்மவர்க்கு இம்மாதங்கள் வாய்ப்பனவா என்று வினவலாம். தமிழ்நாட்டில் காலாண்டுத் தேர்வு விடுமுறையும், வடநாட்டில் தசரா விடுமுறையும் இக்காலத்தை ஒட்டியே வருகின்றன. நாட்கள் சிலவே எனினும், அதனோடு சில நாள் விடுப்பைச் சேர்த்தால் ஒரே கரையில் நிதானமாகத் தங்கி மீளலாம். ஏழு நாளில் நான்கு நாடுகள் என்று ஓடுவதைவிட அது மேலானது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் நுழைவு அனுமதிக்குப் பயணத்திற்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாட்கள் வரை காத்திருத்தல் கூடாது. 30,000 யூரோவிற்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் அதற்குக் கட்டாயம். எம் போன்ற அரசுப் பணியாளர் அலுவலக அனுமதியையும் முன்கூட்டியே பெறல் வேண்டும். ஆகவே, மாதத்தை முதலில் முடிவு செய்து, ஏனையவற்றை அதற்கு இசைய அமைத்துக்கொள்வதே முறை.

முடிவாக, பயணத்திற்கு முன் நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் மூன்று. எதற்காகச் செல்கிறோம், நீராடவா, நடந்து காணவா? எக்கரைக்குச் செல்கிறோம், மேற்குக்கா, கிழக்குக்கா? யாரை உடன் அழைத்துச் செல்கிறோம்? இவற்றுள் மூன்றாம் வினாவே தலையாயது. குடும்பத்தில் நலிந்தவர் எவரோ, அவர்க்கு ஏற்ற பருவமே அக்குடும்பத்திற்கு ஏற்ற பருவம். முதல் பயணத்தின்போது அந்த ஒன்றை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

2024ஆம் ஆண்டு அக்டோபர் முற்பகுதியில் நாங்கள் கணவன் மனைவி இருவர் மட்டும் மீண்டும் ஏதென்ஸ் சென்றோம். அன்னையாருக்கு முழங்கால் வலி மிகுந்துவிட்டமையால் அவர் வர இயலவில்லை. காலை 9 மணிக்கு அதே குன்றில் ஏறினோம். பாறையில் அமர்ந்து கோயிலையும் அப்பால் ஒளிரும் கடலையும் நெடுநேரம் பார்த்திருந்தோம். எம்மைக் கடந்து, கையில் ஊன்றுகோலுடன் ஒரு மூதாட்டி தம் பேரனின் தோளைப் பற்றியவாறு மெல்ல ஏறிச் சென்றார். எந்த நாட்டினரோ, அறியோம், அவர் களைக்கவில்லை.

ஊர் திரும்பியதும் அன்னையார் கேட்ட முதல் கேள்வி, வெயில் எப்படி இருந்தது என்பதே. நம் தில்லியின் கார்த்திகை மாதத்து வெயில் போல இருந்தது என்றோம். "அந்த வெயிலில் நான் ஏறியிருப்பேன்" என்றார். ஆம், ஏறியிருப்பார். அவர் இப்போது இவ்வுரையை வீட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். தம் இல்லத்து முதியோரை அழைத்துச் செல்ல எண்ணியிருக்கும் நேயர்கள், மாதத்தை முதலில் தேர்ந்துகொள்வார்களாக.